கச்சான்

மதுரைக்கு மீன் இறக்கிவிட்டு வரும் வண்டியில்
காலி ஐஸ் பெட்டிக்குள் சாக்கு விரித்துக் கொண்டுவந்தார்.
கிரேட் டேன் என்றார். பதினோரு கிலோ.
காது மட்டும் யாரோ பெரியவருடையது.
பதினெட்டாம் நாள் கடலுக்குப் போனவரை
எல்லை தாண்டினார் என்று பிடித்தார்கள், படகோடு.

அவர் யாழ்ப்பாணச் சிறையில் இருந்த மாதங்களை
நான் காலண்டரில் எண்ணவில்லை.
ஐஸ் பிளாண்ட் எடைமேடையில் எண்ணினேன்.
பத்தொன்பது. இருபத்தெட்டு. நாற்பத்தொன்று.
ஐம்பத்தாறு ஆன வாரம்
பாசி மூட்டையோடு வந்த சலேத்தம்மாவை
ஆசையாக ஓடிவந்து அடித்து வீழ்த்தியது.
மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு.
"கடிச்சிருந்தா ஊசியோட போயிருக்கும்டி,
கொஞ்சுதாம்ல, கொஞ்சுது."

அவர் வைத்த பெயர் ஏதோ இங்கிலீஷில் இருந்தது.
தங்கச்சிமடம் அதைக் கச்சான் ஆக்கிவிட்டது.
கச்சான் அடித்தால் பாம்பன் பாலத்தில் ரயில் நிற்கும்;
இது வந்தால்
தெரு சுவரோடு ஒட்டி நிற்கும்.

மண்டபம் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னார்:
தள்ளாதே, தள்ளினால் அதுக்கு மல்யுத்தம்.
திட்டாதே, திட்டினால் அதுக்குப் பேச்சுத்துணை.
திரும்பி நில்.
நாலு காலும் மண்ணில் பட்ட நொடி ஒரு நெத்திலி.

திரும்பி நின்றேன்.
பிடரியில் ஐம்பத்தாறு கிலோ சந்தோஷம் வந்து மோதும்போது
மூச்சை அடக்கிக்கொண்டு
சும்மா கடலைப் பார்க்க வேண்டும்.
அதில் எனக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

பால்காரர் கிளாடியஸ்தான் பெரிய தொல்லை.
நெஞ்சைத் தட்டி "ஏறுடா ராசா" என்பார்,
ஒரு வாரப் பாடம் அரை லிட்டர் பாலில் போகும்.
பிறகு பாக்கெட் பாலுக்கு மாறினேன்.

சலேத்தம்மா தானாகவே வந்தாள், கட்டுப்போட்ட கையோடு.
"என்னை வச்சுப் பழக்கு.
பயந்தவளைப் பார்த்துத்தான் அது படிக்கணும்."
கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். மூடி வெளியே போனாள்.
கயிற்றின் நடுவில் என் கால்.
முப்பது தடவைக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது.
அவளுக்கு வியர்த்தது, எனக்கு அழுகை வந்தது,
நெத்திலி தீர்ந்து காரப்பொடிக் கருவாட்டுக்கு வந்திருந்தோம்.
அப்போது உட்கார்ந்தது.
உட்கார்ந்தபடியே நடுங்கியது,
எஞ்சின் ஓட, நங்கூரம் தூக்காத விசைப்படகு மாதிரி.
சலேத்தம்மா இடது கையால் அதன் நெற்றியைத் தொட்டாள்.
"சனியனே" என்றாள், மெதுவாக.

'ம்' என்று நான் சொன்னால் மட்டும் எழலாம்.
அதையும் படித்தது.
வாலை யாராலும் படிக்கவைக்க முடியவில்லை,
இரண்டு வாளி, ஒரு சிம்னி விளக்கு போனது.

ஒரு விடியற்காலை மீன்துறை வேனில்
ஒன்பது பேரை இறக்கினார்கள். படகு வரவில்லை.
"கித்தேரி வந்துட்டான்" என்று தெருமுனையில் சத்தம்.
எடைமேடை தேவைப்படவில்லை;
சட்டை போன வருஷத்து ஆளுக்குத் தைத்தது,
உள்ளே வேறு யாரோ நடந்து வந்தார்.
விலா எலும்பில் வலி இருக்கிறது என்று
முன்னமே போனில் சொல்லியிருந்தார்கள்.

கயிற்றைக் குட்டையாகப் பிடித்தேன்.
பாதிரியார் இருந்தார், அவர் அண்ணன்மார் இருந்தார்கள்,
மற்ற எட்டுப் பேரின் பெண்டாட்டிகள்
முந்தானையை வாயில் வைத்து
அவரவர் இடத்தில் நின்றார்கள்.
கச்சான் உட்கார்ந்தது.
காது முன்னே, மூக்கு காற்றில், உடம்பெல்லாம் எஞ்சின்.
அவர் அதைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார்.
"இதா அது?" என்றார்.

அது என்னைப் பார்த்தது, அந்த ஒரு எழுத்துக்காக.

கயிறு எப்போது கீழே விழுந்தது, தெரியாது.
"விலா, விலா" என்று யாரோ கத்தியது
அப்புறம்தான் காதில் ஏறியது.
சலேத்தம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்,
அத்தனை பேருக்கு நடுவில்
நாலு காலும் மண்ணில் வைத்திருந்தது
அந்த நாய் ஒன்றுதானாம்.
அன்று இரவு தலை வாரும்போது
சீப்பில் ஒரு சட்டைப் பொத்தான் வந்தது.